மாட்டெருவின் சூட்டில் நாற்று வளர்க்கும் சின்னப் பச்சைவீடு



வீட்டுத் தோட்டம் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறோம். இந்த முறை, மேல்மலைத் தோட்டங்களில் இருக்கிற நம் எல்லோருக்கும் தை, மாசியில் வரும் ஒரு பெரிய கஷ்டத்தைப் பற்றியும், அதற்குச் செலவு குறைந்த ஒரு வழியைப் பற்றியும் பார்ப்போம். அந்தக் கஷ்டத்தின் பெயர் உறைபனி.

முதலில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம். காலை ஆறரை மணிக்கு மேல் லயத்துப் பக்கம் போனேன். புல்லெல்லாம் உப்புத் தூவினது போல வெள்ளையாக இருந்தது. ஒரு அக்கா தன்னுடைய நாற்றுப் பாத்திக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு இருந்தார். பாத்தியில் தக்காளி நாற்றும் கறிமிளகாய் நாற்றும் முந்நூறுக்கு மேல். எல்லாம் வெந்நீர் ஊற்றினது போல கறுத்து, துவண்டு கிடந்தன. சீட்டுக் காசில் வாங்கின விதை. நாற்றை அக்கம்பக்கத்துக்கு விற்று மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "அய்யா, பொலித்தீன் போட்டா பனி படாதுன்னு நீங்க சொன்னீங்க. நான் போட்டுத்தானே வச்சேன்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பொலித்தீன் கூடாரம் போடச் சொன்னது நான்தான். ராத்திரியில் அது மட்டும் போதாது என்று எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டேன். இரண்டு முறை கெடுத்து, மூன்றாவது முறை சரியாக வந்தது. அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பொலித்தீன் மட்டும் ஏன் போதாது?

பகலில் வெயில் பட்டு மண் சூடாகிறது. ராத்திரி அந்தச் சூட்டை மண் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் மூடியிருந்தால் அது ஒரு கம்பளி போலச் சூட்டைத் தடுத்து வைக்கும். அதனால்தான் மூட்டம் போட்ட ராத்திரியில் பனி விழுவது இல்லை. வானம் தெளிந்து, நட்சத்திரம் பளபளவென்று தெரிந்து, காற்றும் இல்லாமல் இருந்தால் மறுநாள் காலையில் நிச்சயம் குளிர் கடிக்கும். இதை நம் பெரியவர்கள் எல்லோரும் அனுபவத்தில் அறிவார்கள்.

பொலித்தீன் காற்றைத் தடுக்கும், பகலில் சூட்டையும் கூட்டும். ஆனால் மண்ணிலிருந்து மேலே போகிற சூடு மெல்லிய பொலித்தீனைத் தாண்டிச் சுலபமாகப் போய்விடும். விடியும் நேரம் பார்த்தால் உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே குளிர்தான்.

இன்னொரு விஷயம். குளிர்ந்த காற்று பாரமானது. தண்ணீர் போல மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வடிந்து, அங்கேயே தேங்கும். அதனால்தான் ஆற்றோரத்துப் பாத்தியும், பள்ளத்தில் நிற்கிற தேயிலையும் முதலில் கருகுகின்றன.

ஆகவே நாற்றுக்கு மூன்று காரியம் தேவை. கீழே இருந்து ஒரு சூடு. மேலே ஒரு கூரை. ராத்திரிக்கு ஒரு போர்வை. கூரை பொலித்தீன், போர்வை பழைய சாக்கு. சூட்டுக்கு விறகும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். நம் மாட்டுப்பட்டியில் கிடக்கிற எருவே அதைத் தரும்.

எரு எப்படிச் சூடாகிறது?

கொழுந்து எடுக்கிற அக்காமார்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லவே தேவையில்லை. கொழுந்தைச் சாக்கில் அழுத்தி அடைத்து, நிறுக்க நேரமாகி வைத்திருந்தால் என்ன ஆகும்? கையை உள்ளே விட்டால் கதகதவென்று இருக்கும். இன்னும் வைத்தால் கொழுந்து அவிந்து சிவந்து போகும். நிறுக்கிற இடத்தில் ஏச்சு வாங்காதவர் யார்? நெருப்பு இல்லை, வெயில் இல்லை, பிறகு எப்படிச் சூடு வந்தது? பறித்த கொழுந்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. மூச்சு விடும்போது சூடு பிறக்கிறது. அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் சாக்குக்குள் சேர்கிறது.

எருக் குவியலில் நடப்பதும் இது போலத்தான். அங்கே மூச்சு விடுவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள், பற்றீரியாவும் பூஞ்சணமும். சாணத்தையும் புல்லையும் தின்று, ஒட்சிசனை எடுத்துக்கொண்டு, கோடிக்கணக்கில் பெருகுகின்றன. முதலில் சாதாரணச் சூட்டில் வாழுகிற வகை வேலை செய்யும். குவியல் 40 பாகை செல்சியசைத் தாண்டியதும் அவை ஒதுங்கிவிடும், அதிகச் சூட்டை விரும்புகிற வேறு வகை வேலையை ஏற்கும். நல்ல முறையில் போட்ட குவியலின் நடுவில் சில நாட்களிலேயே 55, 60 பாகை வரை ஏறும். நம் உடம்புச் சூடு 37 பாகைதான். காலை நேரத்தில் எருக் குவியலைக் கிளறினால் ஆவி பறக்கிறதே, அது இந்தச் சூடுதான்.

இந்த நுண்ணங்கிகளுக்கு நான்கு காரியம் வேண்டும்.

1. பச்சைச் சாப்பாடு. சாணம், மாட்டு மூத்திரத்தில் ஊறின குப்பை, கோழி எரு, பச்சைப் புல். இவற்றில் நைதரசன் அதிகம்.

2. காய்ந்த சாப்பாடு. காய்ந்த மானாப்புல், குவாத்தமாலாப் புல், சருகு. இவற்றில் காபன் அதிகம்.

3. ஈரம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். இரண்டொரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம். உதிர்ந்தால் குறைவு.

4. காற்று. சாணத்தை மட்டும் அப்பி வைத்தால் காற்றுப் போகாது. சூடு வராது, நாற்றம்தான் வரும். புல் கலப்பது அதற்கும்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுப் பாரிஸ் நகரத்துத் தோட்டக்காரர்கள், வண்டிக் குதிரைகளின் எருவைப் பாத்திக்கு அடியில் போட்டு, மேலே கண்ணாடி மூடி, மாரியிலும் சலாதும் கரட்டும் விளைத்து நகரத்துக்கு விற்றார்கள். பறவைக்கும் இது தெரியும். அவுஸ்திரேலியாவில் கோழி போன்ற ஒரு காட்டுப் பறவை இலைகளைக் கால்களால் வாரிப் பெரிய குவியல் போடும். பெட்டை அந்தக் குவியலுக்குள் முட்டை இடும். அடை காக்காது. அழுகுகிற இலையின் சூட்டிலேயே குஞ்சு பொரிக்கும். சேவல் அடிக்கடி வந்து சூடு பார்த்து, இலையைக் கூட்டும், குறைக்கும். ஒரு பறவை செய்கிற காரியத்தை நாமும் செய்யலாம்தானே?

எந்தப் பயிருக்கு இது தேவை?

எல்லாவற்றுக்கும் தேவையில்லை. கோவா, லீக்ஸ், கரட், பீட்ரூட் எல்லாம் குளிரைத் தாங்கக் கூடியவை. தக்காளி, கறிமிளகாய், கொச்சிக்காய், வெள்ளரி, பூசணி வகைகள்தான் குளிருக்குப் பயப்படும். தக்காளி விதை முளைக்க 20 முதல் 28 பாகை நல்லது. கறிமிளகாய்க்கு அதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும். மண் 10 பாகைக்குக் கீழே போனால் விதை முளைக்காமல் கிடந்து அழுகும். நுவரெலியாப் பக்கத்தில் வருடச் சராசரியே சுமார் 16 பாகைதான். ஆகவே இந்தச் சின்னப் பச்சைவீட்டை நாற்று வளர்க்கிற தவறணையாக வைத்துக்கொள்ளுங்கள். பனிக்காலம் முடிந்ததும் நாற்றை வெளியே நடலாம்.

இடம் பார்ப்பது

காலை வெயில் சீக்கிரம் விழுகிற, கொஞ்சம் மேடான இடம் வேண்டும். பள்ளம் வேண்டாம். பெரிய மரத்து நிழல் வேண்டாம். தண்ணீர் தேங்கினால் எரு ஊறிக் குளிர்ந்து, சூடு செத்துப் போகும். லயத்துச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், சுவர் ஈரம் பிடிக்கும். பீலிக்கும் கிணற்றுக்கும் மேல் பக்கத்தில் வைக்காதீர்கள், எருத் தண்ணீர் குடிதண்ணீரில் கலக்கும். குழி வெட்டுவதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லி இடத்துக்கு அனுமதி வாங்கிக்கொள்வது பின்னால் மனஸ்தாபம் வராமல் காக்கும்.

தேவையான சாமான்கள்

நீளம் 6 அடி, அகலம் 4 அடி, ஆழம் இரண்டரை அடிக் குழிக்குக் கணக்குச் சொல்கிறேன். இதைவிடச் சின்னதாக வெட்டினால் சூடு நிற்காது.

புதுச் சாணம்: உரப்பையில் 10 முதல் 12 பை. ஒரு மாட்டில் இதைச் சேர்க்க ஒரு மாதத்துக்கு மேலாகும், அதற்குள் பழைய சாணம் சூட்டை இழந்துவிடும். அதனால் மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து இரண்டு வாரத்தில் சேர்ப்பதே நல்லது.

காய்ந்த புல், சருகு: சாணத்தைப் போல இரண்டு மடங்கு. கையளவு துண்டாக வெட்டியது. களைநாசினி அடித்த இடத்துப் புல் வேண்டவே வேண்டாம்.

கோழி எரு: கிடைத்தால் ஒரு பை. நல்ல சூடு தரும். குதிரை எரு கிடைக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம், மாட்டெருவைவிட அது சீக்கிரம் சூடேறும்.

கவ்வாத்து மிலாறு: இரண்டு கட்டு. குழியின் அடியில் பரப்ப.

மூங்கில் பட்டை: 9 அடி நீளத்தில் ஐந்து. மேலே நீளவாட்டில் கட்ட 6 அடிக் கம்பு ஒன்று.

பொலித்தீன்: 10 அடி அகலம், 12 அடி நீளம்.

பழைய சாக்கு, கிழிந்த படங்கு: கூடாரத்தை முழுதாக மூடுகிற அளவு.

பொலித்தீன் மட்டும்தான் காசு கொடுத்து வாங்க வேண்டியது. பத்திரமாக மடித்து வைத்தால் இரண்டு மூன்று வருடம் வரும்.

செய்முறை

முதல் படி: குவியல். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து சாணம் சேருங்கள். சேர்ந்ததும் ஒரு பங்கு சாணம், இரண்டு பங்கு புல் என்று அடுக்கடுக்காகப் போட்டு, இடுப்பளவு உயரத்துக்கு ஒரே குவியலாகக் கட்டுங்கள். மழை படாமல் மூடுங்கள்.

இரண்டாம் படி: கிளறுவது. ஐந்து ஆறு நாளில் குவியல் நன்றாகச் சூடாகும். முள்ளால் கிளறி, வெளிப்பக்கத்தை உள்ளேயும் உள்பக்கத்தை வெளியேயும் போடுங்கள். மூக்கை எரிக்கிற காரவாடை வரும். அது அமோனியா. குழிக்குள் போவதற்கு முன் அந்த வாடை அடங்க வேண்டும், இல்லாவிட்டால் முளை கருகும். காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

மூன்றாம் படி: குழி. குவியல் போட்டதிலிருந்து பத்தாம் நாள் அளவில் குழி தயாராக இருக்க வேண்டும். சுற்றிலும் ஒரு சின்னக் கான் வெட்டி மழைத் தண்ணீரை வெளியே விடுங்கள். சரிவான இடமானால் குழியின் கீழ்ப்பக்கத்திலிருந்தும் ஒரு வடிகால் வையுங்கள். அடியில் மிலாறு பரப்புங்கள்.

நான்காம் படி: நிரப்புவது. கலந்த எருவை அரை அடி அரை அடியாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் காலால் மெதுவாக மிதியுங்கள். மெதுவாக என்று சொன்னேன், பெரட்டுக்களத்து மண் போல இறுக்க வேண்டாம். இரண்டு அடி உயரம் வரட்டும்.

ஐந்தாம் படி: கூரை. குழியின் ஓரத்திலிருந்து அரை அடி தள்ளி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக மூங்கில் பட்டைகளை வில்லாக வளைத்து, இரண்டு முனையையும் முக்கால் அடி ஆழத்துக்கு மண்ணில் குத்துங்கள். நடுவில் உயரம் இரண்டடி இருக்கட்டும். மேலே கம்பைக் கட்டி, பொலித்தீனைப் போடுங்கள். இரு பக்கத்து ஓரத்தையும் மண்ணால் மூடுங்கள். தலைமாடும் கால்மாடும் திறந்து மூடுகிற மாதிரிக் கல் வைத்து விடுங்கள்.

ஆறாம் படி: மண். மூன்று நான்கு நாளில் எரு மறுபடி சூடேறும். அப்போது மேலே அரை அடி உயரத்துக்கு நல்ல மண் போடுங்கள். இரண்டு பங்கு மண்ணும் ஒரு பங்கு பழைய மக்கின எருவும் சலித்துக் கலந்தது நல்லது. மண் போட்ட அன்றைக்கே விதைக்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சூடு பார்ப்பது எப்படி?

நம்மிடம் வெப்பமானி இருக்காது. ஒரு இரும்புக் கம்பியை எருவுக்குள் ஒன்றரை அடி குத்தி, பத்து நிமிடம் விட்டு எடுத்து, உள்ளே இருந்த பக்கத்தைப் பிடித்துப் பாருங்கள். கை வைத்தவுடன் எடுக்க வேண்டியதாக இருந்தால் எரு உச்சச் சூட்டில் இருக்கிறது. சுடச்சுட இருந்தாலும் பிடிக்க முடிந்தால், அது இறங்கத் தொடங்கியிருக்கிறது. வெறும் கதகதப்பு என்றால் உடம்புச் சூட்டளவு.

விதை போடுவதற்கு மேல் மண்தான் கணக்கு. விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விடுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைந்த இளஞ்சூடு இருக்க வேண்டும். அதற்கு மேல் சுட்டால் காத்திருங்கள்.

இங்கேதான் என்னுடைய இரண்டாவது தவறு. அவசரப்பட்டு, மண் போட்ட மறுநாளே விதைத்துவிட்டேன். ஒரு விதைகூட வெளியே வரவில்லை. தோண்டிப் பார்த்தால் அவிந்து கிடந்தது. முதல் வருடம் குளிரில் போச்சு, இரண்டாம் வருடம் சூட்டில் போச்சு. ஆகவே அவசரம் வேண்டாம். சாதாரணமாக எருவைக் குழியில் நிரப்பியதிலிருந்து ஏழு முதல் பத்து நாளில் மேல் மண் பக்குவத்துக்கு வரும். இந்தக் கணக்கில் ஜனவரி முதல் அல்லது இரண்டாம் வாரத்தில் விதைக்கலாம்.

அன்றாடப் பராமரிப்பு

பச்சைவீட்டுக்குள் நாற்று சாவது குளிரில் மட்டும் இல்லை. நல்ல வெயில் நாளில் மூடிய பொலித்தீனுக்குள் சூடு மள மளவென்று ஏறும். பதினொரு மணிக்குள் நாற்று வாடிவிடும். ஆனால் நம்மில் பல பேர் காலையில் மலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவோம். அதற்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் பெரட்டுக்குப் போகுமுன் சாக்கை எடுத்து, இரண்டு முனையையும் ஒரு சாண் அளவு திறந்து வையுங்கள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், வெயில் ஏறியதும் இன்னும் அகலமாகத் திறக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் வெயில் இறங்குமுன், மூன்றரை நாலு மணி அளவில், முனைகளை மூட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுங்கள். இருட்டுமுன் சாக்கையும் படங்கையும் போர்த்திக் கயிற்றால் கட்டுங்கள். வானம் தெளிந்த ராத்திரியில் இதை மறக்கவே கூடாது. சாக்கு நனைந்தால் பயன் குறையும், ஆகவே பகலில் காயப் போடுங்கள்.

தண்ணீர் அளவாக ஊற்றுங்கள். உள்ளே ஈரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மண் மேலே காய்ந்து தெரிந்தால் மட்டும், காலையில், கைத் தெளிப்பாக. சாயங்காலம் ஊற்றினால் நாற்றின் அடித்தண்டு அழுகும். விதையை நெருக்கிக் கொட்டினாலும் அதே அழுகல் வரும். மூன்று அங்குலத்துக்கு ஒரு வரிசையாக விதையுங்கள்.

நாற்று நான்கு இலை விட்டதும் தயிர்க் கோப்பையிலோ சின்னப் பொலித்தீன் பையிலோ மாற்றி, மறுபடி கூடாரத்துக்குள்ளேயே வையுங்கள். கோப்பை அடியில் ஓட்டை போட மறக்க வேண்டாம்.

இரண்டடி எருவின் சூடு சுமார் நான்கு முதல் ஆறு வாரம் நிற்கும், போகப் போகக் குறையும். ஜனவரிக் கடைசியில் கம்பி குளிர்ந்து வந்தால், குழியைச் சுற்றி ஒரு அடி அகலத்துக்குப் பக்கக் கான் வெட்டி, அதில் புது எருக் கலவையை நிரப்புங்கள். பக்கத்திலிருந்து சூடு உள்ளே வரும். பாரிஸ் தோட்டக்காரர்களும் இப்படித்தான் செய்தார்கள்.

பெப்ரவரி கடைசியில் பனி விட்டதும், ஒரு வாரம் பொலித்தீனைப் பகல் முழுவதும் எடுத்து வைத்து நாற்றை வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். பிறகு மார்ச்சில் நடலாம். அடுத்து வருகிற மழை நாற்றுக்குத் துணை.

உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

சாணத்தில் ஏற்பு வலிக் கிருமி இருக்கும். காலில் கையில் காயத்தோடு எரு மிதிக்கக் கூடாது, சப்பாத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆணி, கம்பி குத்தினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய் ஊசி பற்றிக் கேளுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கால் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். புது எருவுக்குப் பக்கத்தில் வளர்ந்த சலாது போன்ற இலையைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். மனிதக் கழிவை எந்தக் காரணத்துக்கும் இதில் சேர்க்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் கூடாரத்துக்குள் புகுந்து விளையாட விடாதீர்கள்.

நீங்கள் கேட்ட கேள்விகள்

"எங்க வீட்டுல மாடு இல்ல. நாங்க என்ன செய்யறது?" மாடு வைத்திருப்பவரோடு கூட்டுச் சேருங்கள். நீங்கள் புல் வெட்டி, குழி வெட்டிக் கொடுங்கள். அவர் சாணம் தரட்டும். நாற்றைப் பங்கு பிரியுங்கள்.

"எரு போட்டு ஒரு வாரம் ஆச்சு, சூடே வரல." முதலில் ஈரம் பாருங்கள். ஊறிப் போயிருந்தால் எடுத்துக் காய்ந்த புல் கலந்து மறுபடி போடுங்கள். காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். இரண்டும் சரியென்றால் புல் அதிகம், சாணம் குறைவு. கோழி எரு சேருங்கள்.

"சூடு முடிஞ்ச எருவ என்ன செய்யறது?" இதுதான் இரட்டை லாபம். சூடு கொடுத்து முடித்த எரு பாதி மக்கியிருக்கும். அப்படியே குவித்து மூடி வைத்தால் சில மாதங்களில் நல்ல கூட்டெரு. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டதும், 2022இல் உர விலை கைக்கு எட்டாமல் போனதும் நமக்கு மறக்காது. அப்போது எருக் குழி வைத்திருந்த வீட்டுப் பாத்திகள் மட்டும் பச்சையாக நின்றதை எங்கள் மலையில் கண்ணால் பார்த்தேன்.

கடைசியாக

முதலில் சொன்ன அக்காவிடம் இரண்டு வருடம் கழித்து மறுபடி போனேன். "அய்யா, இந்த முறையும் ஏமாத்துவீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நியாயமான கேள்வி. விதைக் காசை நானே போடுகிறேன், குழியும் நானும் சேர்ந்து வெட்டுகிறேன் என்று சொன்னேன். பக்கத்துக் காம்பரா இரண்டு குடும்பமும் சாணம் கொடுத்தார்கள்.

ஜனவரி நடுவில் ஒரு விடியற்காலை நல்ல உறைபனி. இஸ்தோப்பில் வைத்திருந்த பேசினில் தண்ணீர் மேலே கண்ணாடி போல உறைந்திருந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அக்கா சாக்கை எடுத்து, முனையைத் திறந்தார். உள்ளே இருந்து ஈர மண் வாசனையோடு கதகதப்பான காற்று முகத்தில் பட்டது. நாற்று எல்லாம் தலை நிமிர்ந்து நின்றன, இலை நுனியில் தண்ணீர் முத்து. அக்கா ஒன்றும் பேசாமல் கையை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் அந்தச் சூட்டிலேயே வைத்துக்கொண்டு இருந்தார்.

மூன்று குடும்பமும் அந்த வருடம் தங்கள் பாத்திக்கு நாற்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தை விற்றார்கள். பெரிய பணம் என்று சொல்ல மாட்டேன். சப்பாத்து வாங்குகிற அளவு வந்தது.

நினைவில் வைக்க வேண்டியவை:

பொலித்தீன் கூரைதான், சூடு இல்லை. சூடு எருவிலிருந்து வர வேண்டும்.
ஒரு பங்கு சாணம், இரண்டு பங்கு காய்ந்த புல்.
காரவாடை போகுமுன் குழியில் போடாதீர்கள்.
மண் இளஞ்சூட்டுக்கு இறங்கும் வரை விதைக்காதீர்கள்.
பகலில் திற, சாயங்காலம் மூடு, ராத்திரியில் போர்த்து.

இந்தப் பனிக்காலத்துக்குச் செய்ய விரும்புகிறவர்கள் நான்கு வீட்டாராகச் சேர்ந்து, உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் பேசுங்கள். செய்து பார்த்து, நல்லதோ கெட்டதோ, நடந்ததை இந்தப் பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். நான் இரண்டு முறை கெடுத்ததை நீங்கள் படித்துவிட்டீர்கள். அந்த இரண்டு வருடத்தை நீங்கள் செலவழிக்க வேண்டாம்.

அன்புடன்,
தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்